அம்புக்குறிக்கு இலக்கணம் வகுத்த ஆசிரியர்

இலக்கணம் கற்பவர்க்கும் கணிதம் கற்பவர்க்கும் இடையே ஒரு பெருஞ்சுவர் உண்டென்பது பலருடைய எண்ணம். ஒரே பாடசாலையில், ஒரே கூரையின் கீழ் இருபது ஆண்டுகள் கற்பித்தும், தமிழாசிரியர் கணித ஆசிரியரின் கரும்பலகையை ஏறெடுத்துப் பாரார். கணித ஆசிரியரும் நன்னூலைப் புரட்டிப் பாரார். இச்சுவர் நாமே எழுப்பிக்கொண்டது என்பதற்கு ஒருவருடைய வாழ்க்கையே போதிய சான்றாகும். அவர்தாம் ஜேர்மனிய நாட்டுப் பாடசாலை ஆசிரியராகிய ஹேர்மன் கிராஸ்மன்.

நான் கணிதம் கற்பிப்பவனல்லன், இலக்கணம் கற்பிப்பவன். வடமொழியின் ஒலியியலிலே கிராஸ்மன் பெயரால் வழங்கும் விதியொன்று உண்டு. இருக்கு வேதச் சொற்களுக்கு அவர் தொகுத்த அகராதியும் உண்டு. அவ்வழியாகவே அப்பெயர் எனக்கு அறிமுகமாயிற்று. இன்று பௌதிகவியல் தொடங்கும் மாணவன் முதற் பாடங்களுள் ஒன்றாகக் கற்கும் காவிக் கூட்டலுக்கு வழிவகுத்தவருள் முன்னிற்பவரும் அவரே என்பதைப் பின்னர் அறிந்து வியந்தேன். அவ்வியப்பே இக்கட்டுரையாயிற்று.

பிறப்பும் கல்வியும்

பால்ற்றிக் கடலுக்குத் தெற்கே, ஓடர் ஆற்றங்கரையிலே அமைந்த துறைமுக நகரம் ஸ்ரெற்றின். அக்காலத்தில் அது பிரஷ்ய இராச்சியத்துக்கு உரியதாயிருந்தது. 1945 ஆம் ஆண்டின் பின் போலந்து நாட்டைச் சேர்ந்து, ஷ்செசின் என வழங்கப்படுகின்றது. அந்நகரில் 1809 ஆம் ஆண்டு ஏப்பிரல் 15 ஆம் நாள், பன்னிரு பிள்ளைகளுள் மூன்றாமவராக ஹேர்மன் பிறந்தார். தந்தையார் யுஸ்ரஸ் கிராஸ்மன் சமயகுருவாகத் தகுதி பெற்றவர். எனினும் உள்ளூர் உயர்தரப் பாடசாலையிலே கணிதமும் பௌதிகவியலும் கற்பித்து வந்தார். இளைஞர்க்கெனச் சிறு கணித நூல்களும் எழுதினார்.

சிறு வயதில் ஹேர்மன் மந்தமான பிள்ளை என்றே கருதப்பட்டார். கற்றதை மறந்துவிடுவார், கனவு காண்பவர் போல இருப்பார். இவன் தோட்டக்காரனாகவோ ஏதேனும் ஒரு கைத்தொழில் செய்பவனாகவோ வாழ்ந்தாற் போதும் எனத் தந்தையாரே எண்ணியதுண்டு. வகுப்பின் பின்வரிசையிலே வாய்மூடி இருக்கும் பிள்ளையைப் பற்றி அவசரப்பட்டு முடிவு கட்டும் ஆசிரியர் இச்செய்தியைச் சற்றே நினைத்தல் நன்று.

1827 இல் அவர் பேர்லின் சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே கற்றவை இறையியலும் மொழியியலுமே. கிரேக்கமும் இலத்தீனும் பயின்றார். சிலையர்மாக்கர் என்னும் பேரறிஞரின் விரிவுரைகளைக் கேட்டார். கணித விரிவுரை ஒன்றுக்கேனும் சென்றாரில்லை. 1830 இல் ஊர் திரும்பியபின் தந்தையாரின் நூல்களைக் கொண்டும் தம் முயற்சியாலும் கணிதத்தைக் கற்றார். முதலில் எழுதிய ஆசிரியர் பரீட்சையில் கீழ்வகுப்புகளுக்கு மட்டுமே கற்பிக்கும் உரிமை கிடைத்தது. 1834 இல் பேர்லின் தொழிற்கல்விப் பாடசாலையொன்றில், யாக்கோப் ஸ்ரைனர் என்னும் கேத்திரகணித வல்லுநர் விட்டுச்சென்ற இடத்தில் அமர்ந்தார். அங்கே நெடிது தங்காது மீண்டும் ஸ்ரெற்றினுக்கே வந்து ஆசிரியரானார்.

நடந்த தூரமும் பெயர்ந்த இடமும்

அவருடைய உள்ளத்தைப் பற்றிக்கொண்ட எண்ணம் யாது? கேட்பதற்கு அது மிக எளியது. ஒரு நேர்கோட்டின் மீது ‘அ’, ‘ஆ’, ‘இ’ என மூன்று புள்ளிகள் இருக்கின்றன. ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்குச் செல்லுதலும், ‘ஆ’விலிருந்து ‘இ’க்குச் செல்லுதலும் கூடினால், ‘அ’விலிருந்து ‘இ’க்குச் சென்றதாகும். புள்ளிகள் இவ்வரிசையிலேயே நின்றால் இதனை யாரும் மறார். ‘இ’ என்னும் புள்ளி நடுவே நின்றால் என் செய்வது? அப்போதும் இக்கூற்று மெய்யாக வேண்டுமெனின், கோட்டுக்கு நீளம் மட்டுமன்றித் திசையும் உண்டெனக் கொள்ளல் வேண்டும். ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்குச் செல்லுதல் வேறு, ‘ஆ’விலிருந்து ‘அ’வுக்கு மீளுதல் வேறு. ஒன்று மற்றொன்றின் எதிர்க்குறி. ஏழு மைல் கிழக்கே சென்று மூன்று மைல் மேற்கே மீண்டவன், புறப்பட்ட இடத்துக்கு நான்கு மைல் கிழக்கே நிற்கிறான். கால் நடந்தது பத்து மைல். ஆள் பெயர்ந்தது நான்கு மைல்.

இதுவரை பிறரும் அறிந்ததே. கிராஸ்மன் இதற்கப்பால் ஓரடி வைத்தார். மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இல்லாமல், எத்திசையில் எங்ஙனம் கிடந்தாலும் அதே சமன்பாடு நிற்கட்டும் எனத் துணிந்தார். அங்ஙனமாயின் கூட்டல் என்பது நீளங்களைக் கூட்டுவதன்று, செலவுகளைக் கூட்டுவதாகும். முக்கோணியின் இரண்டு பக்கங்கள் கூடி மூன்றாம் பக்கமாகும். நீளத்தை மட்டும் அளப்பவனுக்கு இது பிழையாகத் தோன்றும். திசையையும் சேர்த்து எண்ணுபவனுக்கு இதுவே முறையாகும்.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனைத் தெளிவிப்பேன். பால்ற்றிக் கடலின் நடுவே ஓரிடத்திலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டு, கிழக்கே 50 கிலோமீற்றர் செல்கின்றது. பின்னர் வடக்கே 40 கிலோமீற்றர். அதன்பின் மேற்கே 20 கிலோமீற்றர். கடந்த தூரம் மொத்தம் 110 கிலோமீற்றர். நிலக்கரியின் செலவைக் கணக்கிடுவோனுக்கு வேண்டுவது இத்தொகையே. கப்பல் இப்போது எங்கே நிற்கின்றது என்று கேட்பவனுக்கோ இத்தொகை பயன்படாது. அவன் முதலம்பை வரைந்து, அதன் தலையிலே இரண்டாம் அம்பின் வாலை வைத்து, அதன் தலையிலே மூன்றாவதன் வாலை வைத்து, முதல் வாலிலிருந்து கடைத் தலைக்கு ஓர் அம்பு வரைதல் வேண்டும். கிழக்கே 50 சென்று மேற்கே 20 மீண்டமையால் எஞ்சுவது கிழக்கே 30. அதனோடு வடக்கே 40. இவ்விரண்டும் செங்கோணத்திலே கூடுதலின், பைதகரசின் தேற்றப்படி இடப்பெயர்ச்சி 50 கிலோமீற்றர். அதன் திசை கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 53 பாகை. பருமனும் திசையும் ஆகிய இரண்டையும் சொன்னாலன்றி விடை முற்றுப்பெறாது. மாணவர் பலர் 50 என்று மட்டும் எழுதிவிட்டுப் புள்ளியிழப்பது இவ்விடத்திலேதான்.

இலக்கணம் பயின்றவர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கூடுமிடத்திலே புணர்ச்சி நிகழ்வது போல, ஓர் அம்பின் தலையும் மற்றோர் அம்பின் வாலும் கூடுமிடத்திலே இக்கூட்டல் நிகழ்கின்றது. வேறுபாடும் ஒன்றுண்டு. மொழிகள் இடம் மாறினாற் பொருள் மாறும். அம்புகள் இடம் மாறினும் விளையுள் மாறாது. அக்கப்பல் முதலில் வடக்கே சென்று, பின் மேற்கும் கிழக்குமாகத் திரும்பியிருப்பினும் அதே இடத்தைத்தான் அடைந்திருக்கும்.

கூட்டலோடு அவர் நின்றாரில்லை. செவ்வகம் என்பது நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிய பெருக்கமே எனத் தந்தையார் தம் நூலிலே கருதியிருந்தார். மைந்தர் அக்கருத்தை வளர்த்து, திசையுடைய இரண்டு கோடுகளின் பெருக்கம் அவை அடைக்கும் இணைகரம் என்றார். அப்பெருக்கலில் வரிசையை மாற்றினாற் குறி மாறும் என்பதையும் கண்டார். இரண்டையும் நான்கையும் எப்படிப் பெருக்கினும் எட்டே என்று பழகிய உலகுக்கு இது புதுமை.

இரண்டு விசைகள் கூடும்போது இணைகரத்தின் மூலைவிட்டமே விளையுள் என்பது நியூற்றன் 1687 இல் வெளியிட்ட நூலிலேயே உளது. ஆதலால் கிராஸ்மன் ஒன்றுமில்லாத வெளியிலிருந்து இதனைப் படைத்தார் என்பது பொருந்தாது. விசைக்கு ஒரு விதி, வேகத்துக்கு ஒரு விதி எனத் தனித்தனியே கிடந்தவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு கூட்டலும் ஒரு பெருக்கலும் வகுத்து, கேத்திரகணிதத்துக்கு ஓர் அட்சரகணிதம் கண்டதே அவர் செயல். வழக்கிலே சிதறிக் கிடக்கும் சொற்களை ஆராய்ந்து சூத்திரம் செய்பவன் இலக்கணாசிரியன். கிராஸ்மன் செய்ததும் அதுவே.

பரீட்சைத் தாளும் பெருநூலும்

எல்லா வகுப்புகளுக்கும் கற்பிக்கும் தகுதியை நாடி அவர் மீண்டும் பரீட்சைக்கு அமர்ந்தார். கடலின் ஏற்றவற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதுமாறு பணிக்கப்பட்டார். லப்பிளாசும் லக்கிராஞ்சும் நீண்ட சமன்பாடுகளால் ஆராய்ந்த பொருள் அது. கிராஸ்மன் தம் புதிய முறையைக் கையாண்டு அச்சமன்பாடுகளைச் சுருங்கச் செய்தார். 1840 இல் கட்டுரை ஒப்படைக்கப்பட்டது, அவர் தேறினார், வேண்டிய தகுதியும் கிடைத்தது. அத்தாளிலே புதியதொரு கணிதம் முளைவிட்டிருப்பதைத் திருத்தியவர் கவனித்தாரில்லை.

1844 இல் ‘விரிவுக் கொள்கை’ என்னும் பொருள்பட்ட பெயருடன் அவருடைய பெருநூல் லைப்சிக் நகரில் வெளியாயிற்று. கணித உலகம் அதனை ஏற்றதுமில்லை, எதிர்த்ததுமில்லை, படிக்கவேயில்லை. கவுஸ் என்னும் கணிதப் பெரியார் தாமும் அவ்வழியிலே முன்னரே சிந்தித்ததாக மறுமொழி எழுதி, வேலைப்பளு மிகுதியால் நூலுள் நுழைய இயலாமையைத் தெரிவித்தார். மோபியஸ் என்பாரை மதிப்புரை எழுதுமாறு வேண்டியபோது அவர் மறுத்தார். ஈற்றில் 1845 இல் கிராஸ்மன் தம் நூலைப் பற்றித் தாமே ஒரு சஞ்சிகையில் எழுத நேர்ந்தது.

லைப்னிற்ஸ் விட்டுச்சென்ற கேத்திரகணிதக் கருத்தொன்றை வளர்ப்போருக்கு லைப்சிக் நகரத்துக் கழகமொன்று பரிசு அறிவித்திருந்தது. 1846 இல் அப்பரிசு கிராஸ்மனுக்குக் கிடைத்தது. போட்டிக்கு வந்த கட்டுரையும் அவருடையது ஒன்றே. அத்துணிவோடு 1847 இல் சர்வகலாசாலைப் பதவி வேண்டிக் கல்வி அமைச்சுக்கு விண்ணப்பித்தார். அமைச்சு, கும்மர் என்னும் கணிதப் பேராசிரியரின் கருத்தைக் கேட்டது. கருத்துகள் நல்லன, அவை சொல்லப்பட்ட வடிவம் குறையுடையது என்ற பொருளில் அவர் அறிக்கை அமைந்தது. அதனோடு அவ்வாயில் அடைபட்டது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. கிராஸ்மனுக்கு இழைக்கப்பட்டது முற்றும் அநீதி என்று கூறி, கும்மர் மீது பழி சுமத்துவது எளிது. அந்நூலோ மெய்யியல் ஆராய்ச்சியோடு தொடங்குகின்றது. பொதுவான வடிவங்களின் இயல்பை நெடிது விளக்கிய பின்னரே, கோடும் புள்ளியும் தலைகாட்டுகின்றன. புதிய சொற்கள் பல. வழிகாட்டும் எடுத்துக்காட்டுகள் சில. வகுப்பறையிலே நாள்தோறும் இளைஞரோடு பேசிய ஆசிரியர், நூல் எழுதும்போது கேட்பார் முகத்தை மறந்துவிட்டார் என்றே கூற வேண்டியுள்ளது. கடலிலே செல்லும் ஒரு கப்பலை முதலிற் காட்டியிருந்தாற் பலர் அவர் பின்னே சென்றிருப்பர். நூலுக்குரிய குற்றம் பத்தினுள் மயங்க வைத்தலும் ஒன்றென நம் இலக்கணம் கூறுவது அனுபவத்தால் விளைந்த அறிவன்றோ? ஆயினும் வடிவத்திற் குறை கண்டோர் பொருளின் அருமையையும் நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும். பிழை இருபாலும் உண்டு. இழப்போ கல்வியுலகு முழுவதற்கும் உரியதாயிற்று.

அக்காலத்திலேயே அயர்லாந்தின் டப்ளின் நகரில், 1843 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16 ஆம் நாள், ஹமில்ற்றன் என்பார் நான்கு உறுப்புடைய ஒருவகை எண்ணைக் கண்டறிந்தார். திசையுடைய கணியத்துக்கு, சுமந்து செல்வது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் பெயரிட்டவர் அவரே. நம் நாட்டுக் கலைச்சொல்லாகிய ‘காவி’ அப்பொருளை அப்படியே ஏந்தி நிற்கின்றது. ஹமில்ற்றன் புகழ் பெற்ற பேராசிரியர். கிராஸ்மன் ஊர்ப் பாடசாலை ஆசிரியர். எனினும் ஹமில்ற்றன் கிராஸ்மனின் நூலை அரிதின் முயன்று கற்று, 1853 இல் வெளிவந்த தம் நூலின் முகவுரையிலே மதிப்போடு குறிப்பிட்டார். ஒருவர் உழைப்பை மற்றொருவர் அறிந்து பாராட்டுதல் இதுவாகும்.

சோர்வறியா உழைப்பு

1848 இன் அரசியற் கொந்தளிப்பிலே தம்பி ரொபேர்ட்டோடு சேர்ந்து பத்திரிகை நடத்தி, சட்டத்துக்கு அமைந்த முடியாட்சியை ஆதரித்தார். 1849 இல் மணம் புரிந்தார். பதினொரு மக்கள் பிறந்தனர்; எழுவரே வளர்ந்து ஆளாயினர். 1852 இல் தந்தையார் மறைய, அவர் வகித்த பதவியே மைந்தருக்கு வந்தது. 1853 இல் நிறங்கள் கலக்கும் முறைக்கு விதிகள் வகுத்தார். இரண்டு ஒளிகள் கலந்து பிறிதொரு நிறம் தோன்றுவதையும் கூட்டலின் ஒரு வகையாகவே கண்டார். அவ்விதிகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. 1861 இல் எண்கணிதத்தை அடிப்படையிலிருந்து நிறுவும் பாடநூல் எழுதினார். 1862 இல் தம் பெருநூலைப் புதுக்கி, மெய்யியற் பகுதியை அகற்றி, வரைவிலக்கணமும் தேற்றமுமாக யூக்கிளிட்டின் முறையில் அமைத்து, சொந்தச் செலவில் 300 பிரதிகள் அச்சிட்டார். அதனையும் படிப்பாரில்லை. 1864 இல் முதல் நூலின் விற்பனையாகாத ஏறத்தாழ 600 பிரதிகளைப் பதிப்பகத்தார் கழிவுத்தாளாக்கிவிட்டனர்.

மற்றொருவர் மனமுடைந்து எழுதுகோலை எறிந்திருப்பர். கிராஸ்மன் மொழிநூற்றுறையிலே முனைந்து இறங்கினார். வடமொழியைப் பழந்தமிழ்ப் புலவர் கற்பது போல் அடிப்படையிலிருந்து கற்றார். 1863 இல், வடமொழியிலும் கிரேக்கத்திலும் காணப்படும் ஓர் ஒலிவிதியை வெளியிட்டார். அருகருகே வரும் இரண்டு அசைகளில் மூச்சொலி மிக்க வல்லெழுத்துகள் வருமாயின், முன்னது தன் மூச்சொலியை இழக்கும் என்பது அவ்விதி. ‘வைத்தல்’ எனப் பொருள்படும் வடமொழி வேர் இரட்டித்து வரும்போது முதலெழுத்து மெலிவது இதனாலேயே. ஜேர்மானிய மொழிகளின் ஒலிமாற்ற விதிக்குப் புறனடை போல நின்ற சொற்கள் சில இவ்விளக்கத்தால் விதிக்குள் அடங்கின. புறனடை எனத் தள்ளப்பட்டவற்றையும் ஆளும் ஒழுங்கைத் தேடும் கணிதமனமே இங்கும் தொழிற்பட்டது.

ஜேர்மனிய மொழியில் வழங்கும் தாவரப் பெயர்களைத் தொகுத்து 1870 இல் நூலாக்கினார். நாட்டுப்பாடல்களைச் சேகரித்து இசையமைத்தார். 1873 இல் தொடங்கி 1875 இல் நிறைவுற்ற இருக்கு வேத அகராதி 1,700க்கு மேற்பட்ட பத்திகளையுடையது. 1,028 சூக்தங்களிலும் ஒவ்வொரு சொல்லும் எவ்வெவ்விடத்தில் எவ்வெவ்வுருவில் வருகின்றது என அது காட்டும். வேத ஆராய்ச்சியாளர் இன்றும் கையாளும் கருவி அது. 1876, 1877 ஆகிய ஆண்டுகளில் வேதத்தின் ஜேர்மனிய மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. 1876 இல் ரியூபிங்கன் சர்வகலாசாலை அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. அப்பட்டம் வேதப்பணிக்கே கிடைத்தது, கணிதத்துக்கன்று.

கணிதத்தின் பேரிலும் சிறிது வெளிச்சம் வராமற் போகவில்லை. 1871 இல் கேற்றிங்கன் அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக்கிற்று. இளம் கணிதர் சிலர் அவர் நூலைத் தேடிக் கற்கலாயினர். முதல் நூலின் இரண்டாம் பதிப்புக்கான வேலையிலே, உடல்நலம் குன்றிய நிலையிலும், அவர் ஈடுபட்டார். 1877 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 26 ஆம் நாள் ஸ்ரெற்றினிலேயே உயிர் நீத்தார். அப்பதிப்பு 1878 இல் வெளியாயிற்று. அதனை அவர் கண்டாரில்லை.

அளவுகோல் எது?

ஸ்ரெற்றினிற் பிறந்து ஸ்ரெற்றினில் இறந்தவர் கிராஸ்மன். பிறந்த இடத்திலிருந்து இறந்த இடத்துக்கு ஓர் அம்பு வரைந்தால், அதன் நீளம் ஏறக்குறையச் சுழியம். பதவி நிரலிலே தேடினாலும், தந்தை இருந்த இருக்கையிலேயே மைந்தர் இருந்தார். அங்கும் பெயர்ச்சி இல்லை. கல்வி அமைச்சின் கோவைகள் அளந்தது இதனைத்தான். இடப்பெயர்ச்சி, ஒருவன் எங்கிருந்து எங்கே சேர்ந்தான் என்பதைத் துல்லியமாகச் சொல்லும். வழியில் அவன் எதனைக் கடந்தான், எதனைச் சுமந்தான் என்பதைச் சொல்லாது. எதனை அறிய விரும்புகிறோமோ அதற்குரிய அளவையை எடுத்தல் வேண்டும் என்பதே அப்பாடத்தின் முதற் படிப்பினை. மாணவனுக்கு அதனைக் கற்பிக்கும் நாம் மனிதரை அளக்கும்போது மறந்துவிடுகின்றோம்.

அமெரிக்க நாட்டுக் கிப்ஸ், 1881 முதல் தம் மாணவருக்காக அச்சிட்ட சிறுநூலிலே காவிக் கணிதத்தை இன்றைய உருவில் அமைத்தார். இப்பொருளில் கிராஸ்மன் முற்பட்டவர் என்பதைப் பிற்காலத்தில் அவர் வெளிப்படையாக எடுத்துரைத்தார். ஏற்றவற்றக் கட்டுரை அச்சேற வேண்டும் என வற்புறுத்தியவரும் அவரே. 1894 முதல் வெளிவந்த கிராஸ்மன் நூற்றொகுதியில், 1911 இல் அக்கட்டுரை அச்சாயிற்று. ஒரு பரீட்சைத் தாளை உலகம் படிக்க எழுபத்தோராண்டு சென்றது.

ஆண்டுதோறும் தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்துவோர் நாம். சிவப்பு மையும் புள்ளித் திட்டமும் கையிலிருக்கின்றன, நேரமோ குறைவு. எதிர்பார்த்த வழியில் வராத விடையைக் கண்டதும் கோடிட்டுவிடக் கை விரைகின்றது. அத்தகைய தாளொன்று வரும்போது இன்னுமொரு முறை நிதானித்துப் படிப்போமாக. அது பெரும்பாலும் பிழையாகவே இருக்கும். ஆயினும் அம்மாணவன் எங்கிருந்து புறப்பட்டான், எவ்வழியே வந்தான் என்று பார்த்த பின்னர்ப் புள்ளியிடுவதே ஆசிரியருக்குரிய நீதியாகும்.